தம் கட்டி நீந்தாதீங்க: மூச்சு முட்டுவதன் 180 வருடக் கதை

கொஞ்சம் நீளமான இழை இது. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

போன மாதம் ஓ.பி.யில் ஒருவர் வந்தார். வயது 43. ஐ.டி. வேலை. இரண்டு அரை மாரத்தான் ஓடி முடித்தவர். அடுத்து டிரையத்லான் ஆசை வந்துவிட்டது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற போட்டி அது. மற்ற இரண்டும் அவருக்குப் பிரச்சனையே இல்லை.

"டாக்டர், 10 கிலோமீட்டர் பேசிக்கிட்டே ஓடுவேன். 50 மீட்டர் நீந்தினா உயிர் போயிட்டு வருது. ஹார்ட்ல ஏதாவது இருக்குமோன்னு வீட்ல பயப்படுறாங்க. ஒரு எக்கோ பார்த்துடலாமா?"

பார்த்தோம். ஈசிஜி நார்மல். எக்கோ நார்மல். டிரெட்மில் டெஸ்டில் என்னை விட நன்றாக ஓடினார். ஸ்பைரோமெட்ரியில் நுரையீரல் சூப்பர். அப்புறம்தான் கேட்டேன்: "முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போது மூச்சை என்ன பண்றீங்க?"

"பிடிச்சு வச்சிருப்பேன் டாக்டர். எல்லாரும் தம் கட்டித்தானே நீந்துறாங்க?"

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு போய்விட்டது. மூச்சுத் திறனைக் கூட்ட அவர் நீந்துகிற குளத்தில் யாரோ ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். கரையில் நின்றபடி 20 தடவை வேகமாக இழுத்து இழுத்து விட வேண்டுமாம். பிறகு ஒரே முங்கு, மறுகரை வரை. "இப்போ 25 மீட்டர் முழுசா உள்ளேயே போறேன் டாக்டர். என்னைப் பார்த்துட்டு என் பையனும் பண்றான். 11 வயசுதான், சூப்பரா போறான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அன்று அவரிடம் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே முழுசாக எழுதுகிறேன். வரலாறாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கு. அவர் செய்த இரண்டு தப்புமே புதுசு இல்லை. நீச்சல் உலகமே நூறு வருஷத்துக்கு மேல் இந்த இரண்டிலும் மாறி மாறி விழுந்து எழுந்திருக்கிறது. ஒலிம்பிக் வீரர்கள் உட்பட.

1844, லண்டன். வட அமெரிக்காவின் ஒஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த இரண்டு பேர் அங்கே ஒரு குளத்தில் பந்தயம் நீந்திக் காட்டினார்கள். ஆங்கிலேயர் அவர்களை அழைத்த பெயர்கள் 'பறக்கும் கடற்பறவை', 'புகையிலை' என்ற பொருளில் இருந்தன. வென்றவர் 130 அடியை 30 விநாடியில் கடந்தார். கைகளைத் தண்ணீருக்கு வெளியே தூக்கி முன்னே வீசி, கால்களால் தண்ணீரை அடித்துக்கொண்டு போனார்கள். இன்று நாம் ஃப்ரீஸ்டைல் என்று சொல்வதன் அண்ணன் முறை அது.

ஆங்கிலேயர்கள் அசந்து போயிருக்க வேண்டாமா? முகம் சுளித்தார்கள். காற்றாலை மாதிரி கையைச் சுற்றுகிறார்கள், இது ஐரோப்பிய முறையே இல்லை என்று பத்திரிகை எழுதியது. கண்ணெதிரே வேகமாக ஒருவன் போனான். இவர்களோ இன்னும் ஒரு தலைமுறைக்கு தவளை நீச்சலையே பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் வெள்ளைக்காரத் திமிர் இருக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு டாக்டராகப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. தவளை நீச்சலில், அதாவது பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில், அன்றைக்கு முகம் தண்ணீருக்கு மேலேயே இருக்கும். மூச்சு என்ற பிரச்சனையே கிடையாது. எப்போ வேண்டுமோ இழுக்கலாம், எப்போ வேண்டுமோ விடலாம். 1875 ஆகஸ்டில் கேப்டன் மேத்யூ வெப் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தது அப்படித்தான். 21 மணி 45 நிமிடம். மெதுவான நீச்சல், நிதானமான மூச்சு.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், 1873-இல், ஜான் டிரட்ஜன் என்ற ஆங்கிலேயர் லண்டன் லாம்பெத் குளத்தில் நடந்த 160 கஜப் பந்தயத்தில் கைகளை மாற்றி மாற்றி வீசி எல்லோரையும் தாண்டிப் போனார். சிறு வயதில் தென் அமெரிக்காவில் உள்ளூர்க்காரர்களைப் பார்த்துக் கற்றது என்று சொல்லப்படுகிறது. ஆனால் அவரும் தலையைத் தூக்கியே வைத்திருந்தார். கை புதுசு, மூச்சு பழசு.

தலையைத் தூக்கினால் என்ன ஆகும்? நீங்களே குப்புறப் படுத்து மிதந்து பாருங்க. தலை மேலே வந்தால் இடுப்பு கீழே போகும், கால் அதற்கும் கீழே போகும். நேராக மிதந்த உடம்பு சாய்ந்துவிடும். தண்ணீர் காற்றை விட சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. அதில் சாய்வாகப் போவது கதவைக் குறுக்கே பிடித்துக்கொண்டு எதிர்காற்றில் நடப்பது மாதிரி. இழுவிசை வேறு கிட்டத்தட்ட வேகத்தின் இருமடியாக ஏறும். வேகம் வேணும்னா தலை கீழே போயே ஆகணும். தலை கீழே போனால் வாய் தண்ணீருக்குள். ஃப்ரீஸ்டைலின் மொத்த வரலாறும் இந்த ஒரு சிக்கலை அவிழ்க்கிற கதைதான்.

1890களின் இறுதியில் சிட்னியில் படித்துக்கொண்டிருந்த சாலமன் தீவுச் சிறுவன் அலிக் விக்கம், தன் ஊரில் எல்லோரும் நீந்துகிற மாதிரி நீந்தினான். கரையில் நின்ற ஒரு பயிற்சியாளர் "அந்தப் பையன் தண்ணி மேல தவழ்றான் பாருங்க" என்று கத்தினாராம். ஆங்கிலத்தில் தவழ்வதற்கு 'க்ரால்'. பெயர் வந்த கதை இது என்பார்கள். எவ்வளவு உண்மையோ! ஆனால் அந்த நீச்சலை சிட்னியின் கேவில் குடும்பம் பிடித்துக்கொண்டதும், ரிச்மண்ட் கேவில் 1902-இல் 100 கஜத்தை ஒரு நிமிடத்துக்குள் நீந்தியதும் நிஜம். பசிபிக் தீவுகளில் குழந்தைகள் நடை பழகும்போதே பழகிய ஒன்றுக்கு 'ஆஸ்திரேலியன் க்ரால்' என்று பெயர் வைத்தார்கள். சரி, அது வேறு ஒரு இழைக்கு.

வேகம் வந்தது. கூடவே நம்ம நண்பரின் பிரச்சனையும் வந்தது. ஆரம்பகால க்ரால் வீரர்கள் பலர் ஒன்று தலையைத் தூக்கினார்கள், இல்லையென்றால் தம் கட்டி பல வீச்சுகள் போனார்கள். 100 கஜத்துக்குள் நாக்கு தள்ளிவிடும். அதனால் இது குறுந்தூரத்துக்கு மட்டும்தான், நெடுந்தூரம் போக மனித உடம்பால் ஆகாது என்று பெரிய பெரிய ஆட்களே நம்பினார்கள்.

இங்கே கொஞ்சம் குளத்தை விட்டு வெளியே வரணும்.

அதே காலத்தில், 1905-இல், ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் ஸ்காட் ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற இருவர் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஹால்டேன் சுரங்கத் தொழிலாளர்களுக்காக விஷவாயுக்களை ஆராய்ந்தவர். சுரங்கத்துக்குள் கேனரி குருவியைக் கொண்டுபோகச் சொன்னவர். அவர் கேட்ட கேள்வி ரொம்ப எளிமையானது. 'அடுத்த மூச்சை எடு' என்று உடம்புக்குள் சொல்வது யார்?

எல்லோரும் ஆக்சிஜன் என்றுதான் நினைப்போம். அவர்கள் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில், ஒரு ஆழ்சுரங்கத்தின் அடியில், அழுத்தம் கூட்டிய அறைக்குள் என்று வெவ்வேறு இடங்களில் நுரையீரலின் கடைசிக் காற்றைப் பிடித்து அளந்தார்கள். இடத்துக்கு இடம் ஆக்சிஜன் அளவு மாறியது. மாறாமல் நின்றது கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம். நம்ம பழைய பாடப்புத்தகத் தமிழில் கரியமில வாயு. அது வளிமண்டல அழுத்தத்தில் வெறும் 0.2 சதவீத அளவு ஏறினாலே, சும்மா உட்கார்ந்திருப்பவரின் மூச்சோட்டம் இரட்டிப்பானது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. மூச்சு முட்டும்போது 'காத்து பத்தல' என்கிறோம் இல்லையா? பெரும்பாலும் அது பொய். உள்ளே ஆக்சிஜன் இருக்கும். வெளியே போக வேண்டிய குப்பை போகாமல் தேங்கியிருக்கும். மூளைத்தண்டில் இருக்கும் அலாரம் முக்கியமாக அந்தக் குப்பைக்குத்தான் அடிக்கிறது. ஆக்சிஜன் நன்றாகக் கீழே இறங்கினால்தான் அதற்கான எச்சரிக்கை பெரிதாகக் கேட்கும்.

இப்போ நம்ம நண்பரைத் தண்ணீரில் பாருங்க. முகம் உள்ளே, தம் கட்டியிருக்கார். தலையைத் திருப்பினால் கிடைப்பது ஏறக்குறைய அரை விநாடி. அந்த அரை விநாடியில் பழைய காற்றை வெளியே தள்ளணும், புதுசையும் இழுக்கணும். இரண்டும் நடக்காது. கொஞ்சம் விட்டு, கொஞ்சம் இழுத்து, மறுபடி முகம் உள்ளே. பத்து வீச்சில் நெஞ்சு முழுக்க பழைய காற்று. அலாரம் அலறுது. இவரோ இன்னும் பெரிதாக இழுக்கப் பார்க்கிறார். நிரம்பிய குடத்தில் எவ்வளவு ஊற்றினால் என்ன? அதோடு காற்றடைத்த நெஞ்சு பந்து மாதிரி மேலே மிதக்கும், கால் கீழே அமிழும். மூச்சும் போச்சு, வேகமும் போச்சு.

அவிழ்ப்பு ரொம்பச் சின்னது. முகம் தண்ணீருக்குள் போன அந்தக் கணத்திலிருந்தே மூக்கு வழியாக, வாய் வழியாக, மெதுவாக, நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருக்கணும். தலை திரும்பும்போது செய்ய வேண்டியது இழுப்பது மட்டும். தலையைத் தூக்கவும் வேண்டாம். வேகமாக முன்னே போகும் தலை தண்ணீரைத் தள்ளும்போது கன்னத்தோரம் ஒரு சின்னப் பள்ளம் விழும். தோளோடு சேர்ந்து உருண்டால் வாயின் ஒரு ஓரம் அந்தப் பள்ளத்தில் வந்து நிற்கும். காற்று அங்கேயே இருக்கு.

இதை உலகத்துக்கு அடித்துக் காட்டியவர் ஒரு பெண். கெர்ட்ரூட் எடர்லி, நியூயார்க்காரர். சிறு வயதில் வந்த அம்மை நோயால் காது மந்தம். பெண்கள் நீச்சல் சங்கம் ஒன்றில் லூயி ஹேண்ட்லி என்ற பயிற்சியாளரிடம் க்ரால் கற்றவர். 1925-இல் ஆங்கிலக் கால்வாயில் இறங்கினார். பாதியில் அவர் மூழ்குகிறார் என்று நினைத்து அவருடைய பயிற்சியாளர் ஆளை விட்டுப் பிடிக்கச் சொல்லிவிட்டார். தொட்டதும் முயற்சி செல்லாது. நான் ஓய்வுதான் எடுத்தேன் என்று கடைசி வரை சொன்னார் எடர்லி. 1926 ஆகஸ்ட் 6 அன்று மறுபடி இறங்கி, பதினான்கரை மணி நேரத்தை ஒட்டிக் கரையேறினார். அதுவரை ஐந்து ஆண்கள் கடந்திருந்தார்கள். அதில் மிக வேகமானவர் எடுத்தது 16 மணி 33 நிமிடம். மனித உடம்பால் ஆகாது என்று சொன்ன அதே க்ராலில், அலை அடிக்கிற கடலில், 20 வயதுப் பெண். எனக்கு இந்தக் கதையில் வேகத்தை விடப் பிடித்தது, பதினாலு மணி நேரமும் அந்த மூச்சு தாளம் தப்பாமல் போயிருக்கிறதே, அதுதான்.

முதல் தப்புக்கு இத்துடன் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது தப்புதான் ஆளைக் கொல்வது.

அலாரத்தை நிறுத்த இரண்டு வழி இருக்கு. குப்பையை ஒழுங்காக வெளியேற்றுவது ஒன்று. அலாரத்தின் வயரைப் பிடுங்குவது இன்னொன்று. முங்குவதற்கு முன் 20 தடவை வேகமாக இழுத்து விட்டால் நடப்பது இரண்டாவது. ஆரோக்கியமான ஒருவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே 97, 98 சதவீதம் நிறைந்திருக்கு. எவ்வளவு இழுத்தாலும் அதில் ஏற இடமில்லை. ஆனால் கரியமில வாயு மளமளவென்று இறங்கும். வழக்கமாக 40 மி.மீ. அளவில் இருப்பது பாதி வரைகூடப் போகும். அப்புறம் தண்ணீருக்குள் போனால் மூச்சே முட்டாது. ஆகா, என் நுரையீரல் பெரிசாயிடுச்சு என்று தோணும். ஆக்சிஜன் மட்டும் உள்ளுக்குள்ளே கரைந்துகொண்டிருக்கும். அலாரம் அடிப்பதற்கு முன்பே மூளை அணைந்துவிடும். வலி இல்லை, திணறல் இல்லை, கை தூக்கி உதவி கேட்பதும் இல்லை. கரையில் நிற்பவர்கள் 'எவ்வளவு நேரம் தாக்குப் பிடிக்கிறான் பார்' என்று கைதட்டிக்கொண்டிருப்பார்கள்.

போட்டிக் களத்திலும் இந்த ஆசை புகுந்தது. தண்ணீரின் மேற்பரப்பில் அலை எழுப்பியே சக்தி வீணாகும். உள்ளேயே போனால் அந்த இழப்பு குறைவு. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் முதல் மூன்று நீளங்களில் பெரும்பகுதியைத் தண்ணீருக்கு அடியிலேயே போய்த் தங்கம் வாங்கினார். அபாரமான வீரர், சந்தேகமில்லை. ஆனால் அந்த முறையைப் பின்பற்றினால் மற்றவர்கள் மயங்கி விழுவார்கள் என்று புரிந்து, விதியையே மாற்றினார்கள். பின்னாளில் பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃப்ளை, ஃப்ரீஸ்டைல் எல்லாவற்றுக்கும் தொடக்கத்திலும் திருப்பத்திலும் 15 மீட்டருக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது என்று ஆனது. டிவியில் பார்க்கும்போது குளத்தின் கயிற்றில் 15 மீட்டரில் நிறம் மாறியிருக்கும், கவனிச்சிருக்கீங்களா? அதுக்குத்தான்.

1961-இல் அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ஆல்பர்ட் கிரெய்க் இந்த மயக்கத்தை மருத்துவ இதழ்களில் விளக்கி எழுதினார். 1976-இல் இப்படிப்பட்ட 58 சம்பவங்களைத் தொகுத்து மறுபடி எழுதினார். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்க. நீச்சல் தெரியாதவன் 25 மீட்டர் முங்க ஆசைப்பட மாட்டான்.

இதே 70களில் 'டாக்' என்று எல்லோரும் அழைத்த ஜேம்ஸ் கவுன்சில்மன் இன்னொரு பழக்கத்தைப் பரப்பினார். இந்தியானா பல்கலைக்கழகப் பயிற்சியாளர். 1972-இல் ஏழு தங்கம் வாங்கிய மார்க் ஸ்பிட்ஸ் அவர் மாணவர். நீச்சலை அறிவியலாகப் பார்த்த முன்னோடி, எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. மூன்று, ஐந்து, ஏழு வீச்சுக்கு ஒரு மூச்சு என்று நீந்தினால் உயர்ந்த மலையில் பயிற்சி செய்த பலன் கிடைக்கும் என்பது அவர் யோசனை. 1980 வாக்கில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் அளந்து பார்த்தார்கள். ஆக்சிஜன் பெரிதாக இறங்கவில்லை. ஏறியது, வேறென்ன, கரியமில வாயு. மலையும் இல்லை, மலைப் பலனும் இல்லை. தாளம் பழக, நிதானம் பழக மூன்று வீச்சுக்கு ஒரு மூச்சு நல்லதுதான். அதைத் தாண்டி 'லங்ஸ் பெருசாகும்' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்பாதீங்க.

டிரையத்லானுக்கு வருவோம். 1974 செப்டம்பர் 25, சான் டியேகோவின் மிஷன் பே. அந்தப் பெயரில் நடந்த முதல் போட்டி. 46 பேர் கலந்துகொண்டார்கள். அன்றைக்கு ஓட்டம் முதலில், நீச்சல் கடைசியில். கடைசியாக வந்தவர்களுக்கு இருட்டிவிட்டதால் கார்களின் ஹெட்லைட்டைப் போட்டு வெளிச்சம் காட்டினார்களாம். 1978-இல் ஹவாயில் முதல் அயர்ன்மேன் நடந்தது. 15 பேர் கிளம்பி 12 பேர் முடித்தார்கள். அதில் 3.8 கிலோமீட்டர் கடல் நீச்சல் முதலில் வந்தது. களைத்தவனைத் தண்ணீரில் இறக்குவதை விட இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் ஆபத்து நீச்சலில்தான் தங்கியிருக்கு. 2010-இல் ஜாமா இதழில் வந்த ஆய்வு சுமார் 9 லட்சத்து 59 ஆயிரம் போட்டியாளர்களைக் கணக்கெடுத்தது. இறந்தவர்கள் 14 பேர். அதில் 13 பேர் நீச்சலின்போது. மாரத்தானுக்குப் பயப்படுகிற குடும்பங்கள் இந்தக் கணக்கைப் பார்க்கணும். எல்லாவற்றுக்கும் மூச்சு காரணமில்லை. இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தவர்களும் அதில் உண்டு. ஆனால் 2012-இல் ஷாட்டக், டிப்டன் என்ற இங்கிலாந்து ஆய்வாளர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டினார்கள். குளிர்ந்த தண்ணீர் தோலில் பட்டால் இதயம் வேகமெடுக்கும். முகம் நனைந்து தம் கட்டினால் இதயம் மெதுவாகும். ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ஒன்றாக மிதிப்பது. தம்மை விடுகிற நேரத்தை ஒட்டித்தான் துடிப்பு தாளம் தப்புவது அதிகம். சுற்றிலும் நூறு பேர், முகத்தில் யாரோ கால், பதற்றம். இந்த நேரத்தில் எல்லோரும் முதலில் செய்வது தம் கட்டுவதுதான்.

நண்பருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். இரண்டு வாரம் தூரத்தை மறங்க. இடுப்பளவு தண்ணீரில் நின்று முகத்தை அமிழ்த்தி, 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே குமிழி விடுங்க. முனகினால் காற்று தானாக வெளியே போகும், தம் கட்ட முடியாது. பிறகு 25 மீட்டர், மெதுவாக, நின்று நின்று. போட்டி அன்று ஓரமாகக் கிளம்புங்க. பதறினால் மல்லாந்து மிதங்க. நீந்தும்போது நெஞ்சு வலியோ, படபடப்போ, இருமலோடு நுரைச் சளியோ வந்தால் வெளியே வந்து என்னைக் கூப்பிடுங்க. 20 தடவை இழுத்துவிட்டு முங்குவது இன்றோடு நிற்கணும். பையனுக்கு நீங்களே உட்கார வைத்துச் சொல்லணும்.

போன வாரம் அப்பாவும் பையனுமாக வந்தார்கள். 200 மீட்டர் நிற்காமல் போகிறாராம். "வேகம்தான் குறைஞ்ச மாதிரி இருக்கு டாக்டர்" என்றார். கடிகாரம் அப்படிச் சொல்லவில்லை. பழைய 50 மீட்டரும் இப்போதைய முதல் 50-உம் இரண்டு விநாடிகூட வித்தியாசமில்லை. பாடுபட்டால்தான் வேகம் என்று பழகிய மனசுக்கு அது புரியக் கொஞ்ச நாள் ஆகும்.

பையன் மேஜை நுனியைச் சுரண்டிக்கொண்டே ஒரு விஷயம் சொன்னான். அவர்கள் குளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய பையன்களுக்குள் முங்கு நீச்சல் பந்தயம் நடக்குமாம். கரையில் எல்லோரும் புஸ்புஸ்ஸென்று இழுத்துவிட்டு உள்ளே போவார்களாம். "நான் சொன்னா சிரிக்கிறாங்க அங்கிள்."

அந்தக் குளத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவன் அப்பா இருக்கிறார். ஞாயிறுக்கு முன் இந்த இழையை அதில் போடச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்கும் அப்படி ஒரு குழு இருந்தால் போடுங்க.